வாடகை கட்ட முடியாத மாதம்: தமிழ்நாட்டு வாடகைதாரர் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும்

சட்ட உதவி மையம் ஒன்றில் தன்னார்வலராக மனு எழுதிக் கொடுக்கிறேன். வாடகை பாக்கியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறார்கள். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருக்கும். அது வந்து நாற்பது நாள் ஆகியிருக்கும். பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும் என்று அவர்களிடம் சொல்லவும் மனசு வராது. அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வேலை போய்விட்டது, உடம்பு முடியவில்லை என்பதற்காக வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் பிரிவு நம் வாடகைச் சட்டத்தில் இல்லை. சட்டம் தருவது அவகாசம் மட்டும்தான். அதையும் வரிசை தப்பாமல் நடந்தவருக்குத்தான் தருகிறது.

இங்கே சட்டம் என்று நான் சொல்வது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகரங்களில் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அரசுக் குடியிருப்பு, கோயில் இடம், வக்ஃப் இடம், கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுத்த வீடு ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

1. ஒரே கவரில் போட வேண்டிய காகிதங்கள்

வீட்டுக்காரரிடம் பேசப் போகுமுன் இவற்றைத் திரட்டுங்கள்: வாடகை அக்ரிமென்ட், அட்வான்ஸ் கொடுத்ததற்கான சான்று, கடந்த ஓராண்டு வாடகை கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம் அல்லது ரசீதுகள், கரண்ட் பில், மெயின்டனன்ஸ் கட்டிய விவரம். வருமானம் நின்றதற்கான காகிதமும் வேண்டும். வேலையிலிருந்து நிறுத்திய கடிதமோ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியோ எதுவானாலும் சரி.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பேச்சு முறிந்த பிறகு வீட்டுக்காரரிடமிருந்து எந்தக் காகிதமும் கிடைக்காது. "அக்ரிமென்ட் காப்பி ஒன்று கொடுங்கள் சார்" என்று பாக்கி விழுவதற்கு முன்னால் கேட்டால் கொடுத்துவிடுவார். விழுந்த பிறகு கேட்டால் அதையே சண்டைக்கான தயாரிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

அக்ரிமென்ட் வாடகை அதிகாரியிடம் (இவர் யார் என்று 5-ஆம் பகுதியில் சொல்கிறேன்) பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது பத்திரப் பதிவுச் சட்டத்துக்கான கணக்கு. வாடகைச் சட்டப்படி எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். முறையான ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

2. பாக்கியை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள். சட்டம் பார்ப்பது வாடகையை மட்டும் அல்ல. மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட் என்று ஒப்பந்தப்படி நீங்கள் தர வேண்டிய மற்ற கட்டணங்களும் பாக்கியில் சேரும். தாமதத்துக்கு வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதுவும் சேரும்.

உதாரணத்துக்கு, வாடகை 12,000, மெயின்டனன்ஸ் 1,000. இரண்டு மாதம் நின்றால் பாக்கி 26,000 ரூபாய். இதில் 24,000 கட்டிவிட்டு "வாடகை கட்டியாச்சு" என்று நிம்மதியாக இருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் பாக்கியை முழுதாகக் கட்டவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு எழுதியது. இரண்டாயிரம் ரூபாயில் போன வழக்கு அது.

இரண்டு மாதம் என்ற கணக்கை மனதில் வையுங்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் முழுதும் கட்டாவிட்டால்தான் வாடகை பாக்கி என்ற காரணத்தில் வீட்டைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போக முடியும். பத்து நாள் தாமதமானதற்காக "நாளைக்கே காலி பண்ணு" என்றால் அது கோபத்தில் வரும் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

3. தேதி தாண்டுவதற்கு முன்னால் எழுதுங்கள்

இந்த மாதம் முடியாது என்று தெரிந்த அன்றே வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும். முதலில் நேரில் சொல்லுங்கள், அதுதான் மரியாதை. அன்று மாலையே அதை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் போதும், ஸ்பீட் போஸ்ட்டில் போட்டால் இன்னும் நல்லது.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, இன்று காலை நேரில் சொன்னபடி, சென்ற மாதம் 20-ஆம் தேதியோடு என் வேலை நின்றுவிட்டது. இந்த மாத வாடகை 12,000 ரூபாயில் 5,000 ரூபாயை 5-ஆம் தேதி உங்கள் கணக்கில் போடுகிறேன். மீதி 7,000 ரூபாயை அடுத்த இரண்டு மாத வாடகையோடு 3,500 ரூபாய் வீதம் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். இதற்குச் சம்மதம் என்றால் ஒரு வரி பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்."

தொகை, தேதி, சம்மதம் கேட்கும் வரி, இவ்வளவுதான் அதன் உயிர். "எப்படியாவது கட்டிடறேன் சார்" என்ற செய்தியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. தேதி சொல்லாத வாக்குறுதியை வீட்டுக்காரர் நம்பவும் மாட்டார். இன்னொன்று, முடியாத தொகையை எழுதாதீர்கள். நீங்களே எழுதிய தேதியை நீங்களே மீறினால் அந்தக் கடிதம் எதிர்த்தரப்பின் சான்றாகிவிடும்.

செய்திகளை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், எந்தக் கருவியில் இருந்து எடுத்தது என்று சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

4. "அட்வான்சில் கழிச்சுக்கோங்க" என்பது பற்றி

நான் பார்த்ததில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம், பாக்கி முப்பதாயிரம்தானே, அட்வான்சில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். நோட்டீசுக்குப் பதிலும் எழுதுவதில்லை.

அட்வான்ஸ் என்பது நீங்கள் வீட்டை விட்டுப் போகும்போது கணக்குத் தீர்க்க வைத்திருக்கும் பாதுகாப்புத் தொகை. நடுவில் அதை வாடகையாக எடுத்துக்கொள்ள இருவரும் சம்மதிக்க வேண்டும். நீங்களாகக் கழித்துக்கொண்டால் சட்டத்தின் பார்வையில் அது வெறும் பாக்கி.

சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்று அதே பிரிவு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. ஆகவே பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர், "மூன்று மாதத்துக்கு மேல் வாங்கியது சட்டவிரோதம், அதில் கழியுங்கள்" என்று உத்தரவு போடுகிற தொனியில் பேசினால் எடுபடாது. அதையே கோரிக்கையாக வைத்தால் பலமுறை நடக்கிறது: "அட்வான்ஸ் 1,20,000 ரூபாயில் இரண்டு மாத வாடகை 24,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸ் 96,000 ரூபாய் என்று ஒப்புக்கொள்கிறோம்." இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் பாக்கி தீர்ந்தது. வீட்டுக்காரருக்கும் கைக்காசு போவதில்லை என்பதால் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் முரண்டு பிடிப்பதில்லை. வாயால் "சரி பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னதை மட்டும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. கையில் இருப்பதைக் கட்டுங்கள், தடம் விட்டுக் கட்டுங்கள்

முழுசா இல்லாதபோது கொஞ்சம் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பாதி கட்டியவரையும் ஒன்றுமே கட்டாதவரையும் யாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அதோடு, கடைசியில் நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்தில் புரட்ட வேண்டிய தொகையும் குறையும்.

வங்கி வழியாகவோ ஜிபே மாதிரி செயலியிலோ அனுப்புங்கள். குறிப்பில் "ஜூன் வாடகை, பகுதி" என்று எழுதுங்கள். குறிப்பு இல்லாமல் அனுப்பிய பணத்தை, போன வருஷம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்ன வீட்டுக்காரர்களும் உண்டு. கையில்தான் வாங்குவேன் என்றால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்பது சட்டம் தந்த உரிமை.

சில வீட்டுக்காரர்கள் பாக்கி ஏறட்டும் என்று வேண்டுமென்றே வாங்க மறுப்பார்கள். அப்போது "அவர் வாங்கவில்லை, நான் என்ன செய்ய" என்று இருந்துவிடக் கூடாது. மணியார்டரிலோ வங்கி வழியிலோ அனுப்பி, அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டு அங்கே வாடகையைச் செலுத்தலாம். நேராக அங்கே போக முடியாது; முதலில் வீட்டுக்காரருக்கு அனுப்பிப் பார்த்த சான்று வேண்டும்.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர். வாடகை நீதிமன்றம் வேறு. ஒப்பந்தப் பதிவு, வாடகை செலுத்துவது, தண்ணீர் மின்சாரம் நிறுத்தியது எல்லாம் அதிகாரியிடம். காலி செய்யச் சொல்லும் வழக்கு நீதிமன்றத்தில். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வாரத்தை அலைச்சலில் தொலைக்கிறார்கள்.

6. கையெழுத்துப் போடக் கூடாதவை, செய்யக் கூடாதவை

பாக்கிக்கு ஈடாகத் தேதி போட்ட செக் கேட்டால் கொடுக்காதீர்கள். வாடகை பாக்கி சிவில் விவகாரம். செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி குற்ற வழக்காகும், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வெறும் புரோநோட்டில் கையெழுத்துக் கேட்டாலும் இதே பதில்தான்.

"இந்தத் தேதியில் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கேட்டால், உண்மையாகவே காலி செய்வதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கெடு தாண்டியும் இருந்தால் மாத வாடகையின் இரண்டு மடங்கில் தொடங்கும் இழப்பீட்டை வீட்டுக்காரர் கேட்கலாம்.

வாடகையைப் பகிர்ந்துகொள்ள நண்பரை உள்ளே குடிவைப்பது இன்னொரு பொறி. எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விட்டால் அதுவே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம் ஆகிவிடும். பாக்கியைச் சரிசெய்யப் போய்ப் புதிதாக ஒரு குற்றச்சாட்டை விலைக்கு வாங்குவீர்கள். ஒரு வரி அனுமதி கேட்டு வாங்கிவிட்டால் இந்த வழி நல்ல வழி.

7. நோட்டீஸ் வந்தால்

தபால்காரர் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் விட்டால் வழக்கே வராது என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. உங்களிடம் கொடுக்கலாம், வீட்டில் குடும்பத்தார் யாரிடமாவது கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கதவில் ஒட்டலாம் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. சரியான விலாசத்துக்குத் தபாலில் போட்டதை நீங்கள் மறுத்தாலும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம்.

கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள். அந்த உறையையும் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதம் எண்ணுவது கிடைத்த நாளிலிருந்துதான். நாட்காட்டியில் 10-ஆம் நாளையும் 20-ஆம் நாளையும் வட்டமிடுங்கள். கடைசி நாளை இலக்காக வைத்தால் அன்று ஞாயிற்றுக்கிழமையாகவோ வங்கி சர்வர் படுத்த நாளாகவோ இருக்கும்.

முதல் மூன்று நாளில் நோட்டீசில் உள்ள தொகையை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். கட்டிய மாதத்தையும் பாக்கியில் சேர்த்திருப்பார்கள், பகுதியாகக் கொடுத்ததைக் கழித்திருக்க மாட்டார்கள். பாதி வேண்டுமென்றே நடப்பது, பாதி வக்கீலிடம் சரியாகச் சொல்லாததால் நடப்பது.

10-ஆம் நாளுக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். கட்டிய தொகைகள், தேதிகள், நீங்கள் ஒப்புக்கொள்ளும் பாக்கி, அதை எந்த நாளில் கட்டுவீர்கள் என்பது போதும். வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் செய்யவில்லை, மாடியில் துணி காயப்போட விடவில்லை என்ற குறைகளை எல்லாம் இதில் கொட்டாதீர்கள். அவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பாக்கிக்குப் பதில் ஆகாது.

20-ஆம் நாளுக்குள் பணத்தைப் புரட்டுங்கள். நகைக்கடன், பி.எப். முன்பணம், சொந்தக்காரர், சங்கக் கடன் என்று எங்கே போவதானாலும் இப்போது போங்கள். கந்துவட்டிக்கும் போனில் வரும் கடன் செயலிக்கும் மட்டும் போகாதீர்கள். வீட்டைக் காப்பாற்றிவிட்டு அந்தக் கடனோடு என்னிடம் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கெடுவுக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு வீட்டுக்காரருக்குக் கட்டினாலோ, அவர் வாங்காதபோது வாடகை நீதிமன்றத்தில் செலுத்தினாலோ, அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு போட முடியாது. சட்டம் தரும் பெரிய பாதுகாப்பு இதுதான். ஆனால் ஒருமுறை இந்தச் சலுகையைப் பெற்ற பிறகு, ஓராண்டில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அது திரும்பக் கிடைக்காது. அதனால் அடுத்த வருஷம் இந்த வாடகையை உங்களால் கட்ட முடியுமா என்று கடன் வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசியுங்கள். முடியாது என்றால் அந்தக் கடனை வாங்காமல் 11-ஆம் பகுதிக்குப் போவது நல்லது.

தொகையில் தகராறு இருந்தால்? சர்ச்சை இல்லாத பகுதியை உடனே கட்டுங்கள். மீதி சின்னத் தொகை என்றால், உரிமை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டு அதையும் கட்டிவிடுவதே என் யோசனை. பெரிய தொகை என்றால் வக்கீலிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

8. தண்ணீரை நிறுத்தினால், பூட்டுப் போட்டால்

பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், லிப்ட், கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. குழாயைத் திறந்து தண்ணீர் வராததைத் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

மின்சாரத்தில் ஒரு சின்ன வழி: உங்களுக்குத் தனி மீட்டர் இருந்தால் இணைப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பில்லைக் கட்டாமல் விட்டு ஈபி ஆட்களை வைத்துப் பீஸ் பிடுங்க வைக்கலாம் என்று நினைத்தால், அந்த எண்ணை வைத்து நீங்களே கட்டிவிடலாம்.

நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டுப் போட்டாலோ சாமானைத் தெருவில் வைத்தாலோ 112-க்கு அழையுங்கள், ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பப் பார்ப்பார்கள். பாக்கி சிவில்தான், ஆளை உள்ளே போகவிடாமல் மறிப்பது சிவில் அல்ல என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வீட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடவும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் வழி உண்டு. பூட்டை நீங்களே உடைக்கப் போகாதீர்கள்.

9. வக்கீலுக்குக் காசு இல்லை என்றால்

நோட்டீஸ் வந்த வாரமே தாலுகா அல்லது மாவட்ட சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமானச் சான்று வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம், ஒப்பந்தம் மனைவி பெயரிலும் இருந்தால் அவரே விண்ணப்பிக்கலாம் என்பது. கணவரின் பழைய சம்பளச் சீட்டைத் தேடி அலைய வேண்டாம்.

இந்த அலுவலகத்தின் மூலமாகவே வீட்டுக்காரரைச் சமரசப் பேச்சுக்கும் அழைக்கலாம். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டு எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் தவணைத் தொகையைச் சொல்லும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள்.

10. வழக்கு வந்துவிட்டால்

முதல் வாய்தாவுக்கே போங்கள். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகையையும் நிறுத்தாதீர்கள். வழக்குத்தான் நடக்கிறதே என்று நிறுத்தியவர்கள் பழைய பாக்கியில் ஜெயித்துப் புதிய பாக்கியில் தோற்கிறார்கள்.

11. காலி செய்வதுதான் சரி என்று முடிவானால்

சம்பளம் திரும்ப வர ஆறு மாதம் ஆகும் என்று தெரிந்தால், அட்வான்ஸ் முழுசாக இருக்கும்போதே கிளம்புவது கணக்குக்கு நல்லது. இருபது மாதம் தள்ளிக்கொண்டே போய் அட்வான்சைக் கரைத்தவர்களுக்கு அடுத்த வீடு பிடிக்கக் காசு இருப்பதில்லை.

ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தை எழுத்தில் கொடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் கடன் தீராது. வாடகை பாக்கிக்காக மூன்று ஆண்டு வரை வழக்குப் போடலாம், அட்வான்சைக் கேட்கும் முகமும் உங்களுக்கு இருக்காது.

சாவி கொடுக்கும் அன்று ஒவ்வொரு அறையையும், கரண்ட் மீட்டரையும் வீடியோ எடுங்கள். "சாவி பெற்றுக்கொண்டேன், தர வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு" என்று தேதி போட்டு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியையும் சேதத்தையும் கழித்துக்கொண்டு மீதி அட்வான்சை ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்று பிடிக்கப் பார்த்தால் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் வராவிட்டால், இந்தச் சாவிச் சீட்டை முதல் காகிதமாக வைத்து அதே சட்டத்தின் கீழ் மனுப் போடலாம்.